வளர்த்தவருக்கு என்ன பாக்கி?

வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சத்துவாச்சாரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ப் பையன் சதீஷ் சிவலிங்கம். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். 2018-ல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம்.

தங்கம் வந்த அன்றைக்கு ஒரு வேடிக்கை நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? 'எங்க ஊர்ப் பையன்' என்று ஊர் சொல்லும். 'எங்கள் மாநிலம்' என்று அரசாங்கம் சொல்லும். 'எங்கள் ஊழியர்' என்று ரயில்வே சொல்லும். 'எங்கள் பழைய மாணவர்' என்று பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஃபிளெக்ஸ் கட்டும். எல்லோர் சொல்வதும் நிஜம்தான். சதீஷுக்கு முதலில் இரும்பைத் தொடச் சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து வந்த அவருடைய அப்பா. அவரும் பளு தூக்கியவர். வேலை கொடுத்தது தெற்கு ரயில்வே. தேசியப் போட்டிகளில் ரயில்வே தனி அணி. ஊர் தமிழ்நாடு, பனியன் ரயில்வே!

சந்தோஷ் டிராஃபி ஃபுட்பாலிலும் இதே கதைதான். மாநிலங்களோடு சர்வீசஸும் ரயில்வேயும் மோதும். அந்த இரண்டு அணிகளிலும் ஆடுகிறவர்கள் வானத்தில் இருந்து குதித்தவர்கள் இல்லை. ஏதோ ஒரு மாநிலத்தில், ஏதோ ஒரு மைதானத்தில், யாரோ ஒரு பி.டி. மாஸ்டர் விசில் ஊதி வளர்த்த பையன்கள்தான்.

அப்படியானால், ஒரு ஆட்டக்காரன் யாருக்குச் சொந்தம்? வளர்த்தவருக்கா, வேலையோ சீட்டோ கொடுத்தவருக்கா?

*

ஜூன் மாதம் வந்தால் கல்லூரிகளில் அட்மிஷன் பரபரப்பு. அதற்குள்ளேயே இன்னொரு பரபரப்பு ஓசையில்லாமல் நடக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டா. நம் ஊர் பாஷையில் சொன்னால், 'பிளேயர் பிடிக்கிறது'.

ஆம்பூர் பக்கத்துப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். அப்பா தோல் ஷாப்பில் டிரம் போடுகிறார். பையனுக்கு நல்ல கால். பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கல்லூரி பி.காம். சீட் கொடுத்து டீமில் சேர்த்துக்கொண்டது. அங்கே இருந்த ஃபிசிகல் டைரக்டர் காலை ஐந்தரைக்கே மைதானத்துக்கு வருகிறவர். பையனின் இடது கால் பலவீனத்தை மூன்று வருஷம் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார். டோர்னமென்ட் போகும்போது பிரியாணிக்குத் தன் பாக்கெட்டில் இருந்து கொடுத்தார். மூன்றாம் வருஷம் பையன் யூனிவர்சிட்டி அணிக்குத் தேர்வானான்.

அடுத்த வாரமே சென்னையில் இருந்து போன். 'தம்பி, எங்ககிட்ட எம்.ஏ. சேர்ந்துக்கோ. ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் ஃப்ரீ. எல்லா மேட்ச்சும் ஆடலாம்.'

சின்னக் கல்லூரியிலும் பி.ஜி. இருக்கிறது. 'இன்னும் ரெண்டு வருஷம் இருந்தான்னா கப் நமக்குத்தான்' என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர் அந்த ஃபிசிகல் டைரக்டர். பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறான். 'சார்... நான் போகட்டுமா?'

அவர் என்ன சொல்ல வேண்டும்? பையன் என்ன செய்ய வேண்டும்? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

*

இந்தக் கேள்வி நமக்குப் புதிதே இல்லை. பல வருஷமாகப் பட்டிமன்றம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கும்பகர்ணனா, வீடணனா?

சோறு போட்ட அண்ணனை விட்டு நகர மாட்டேன் என்று செத்தவன் கும்பகர்ணன். தப்பான அணியில் இருக்க மாட்டேன் என்று எதிர்ப்பக்கம் போனவன் வீடணன். நாம் இரண்டு பேருக்கும் கைதட்டுகிறோம். நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறோம். ஏன் என்று யோசித்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. இரண்டு பேருமே தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தவர்கள். போர்க்களத்துக்கே வந்து, 'என்னோடு வந்துவிடு' என்று தம்பி அண்ணனைக் கூப்பிடுகிறான். போவதற்கு வழி இருந்தது. இருந்தும் கும்பகர்ணன் போகவில்லை. அதனால்தான் அவன் பெரியவன்.

கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இராவணன் தம்பியைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தான், அதனால் அவன் போகவில்லை என்று கதை இருந்தால், செஞ்சோற்றுக் கடன் என்று யாராவது உருகுவார்களா? கதவு திறந்திருந்தால்தான் உள்ளே இருப்பதற்குப் பெயர் விசுவாசம். பூட்டி இருந்தால் அதற்கு வேறு பெயர்.

நம் ஊரில் பூட்டு எது தெரியுமா? சர்ட்டிஃபிகேட். 'ஒரிஜினல் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு. மிச்ச ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போ' என்கிற வசனம் பல பெற்றோருக்கு மனப்பாடம். இலவசமாகச் சேர்த்த ஆட்டக்காரனுக்கு, போகிற அன்றைக்குத் திடீரென்று ஒரு பில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் யு.ஜி.சி. தெளிவாகவே சொல்லிவிட்டது. சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் கவலை.

*

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு எதையும் பற்று வரவில் எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றுப் பக்கம் முழுக்க ஒரு பாடம் உண்டு. பச்சைத் தோலை அப்படியே விற்றால் காசு கம்மி. பதனிட்டு விற்றால் கூட. ஷூவாகத் தைத்து விற்றால் இன்னும் கூட. உழைப்பு சேரச்சேர மதிப்பு ஏறும். அதனால்தான் 1970-களில் மத்திய அரசு, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 'இங்கேயே முழுசாகச் செய்து அனுப்பு, லாபம் இங்கே நிற்கட்டும்' என்பது அதன் கணக்கு.

சின்னக் கல்லூரியின் கோபமும் இதே கணக்குதான். 'பதனிட்டது நாங்க. கடைசியில பாலிஷ் போட்டு லேபிள் ஒட்டி விக்கிறது அவங்களா?'

நியாயமான கோபம். ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். தோல் எந்த ஃபாக்டரிக்குப் போவதென்று தோலிடம் யாரும் கேட்பதில்லை. பையனிடம் கேட்க வேண்டும். அவனுக்கு அம்மா இருக்கிறார், கடன் இருக்கிறது, கனவு இருக்கிறது. முட்டி தேய்வதற்குள் சம்பாதித்தாக வேண்டிய ஒரு பத்து வருஷம் இருக்கிறது.

பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு விஷயங்களைக் குழப்பக் கூடாது. ஒன்று சொத்து. இன்னொன்று வர வேண்டிய பாக்கி. சொத்தைப் பூட்டி வைக்கலாம், விற்கலாம். பாக்கியைக் கேட்டு வாங்கலாம். வாங்கியதும் கணக்கு முடிந்துவிடும். வளர்த்தவருக்குப் பாக்கி நிச்சயம் உண்டு. அதற்காகப் பையன் அவருக்குச் சொத்தாகிவிட மாட்டான்.

*

அந்தப் பாக்கியை யார் கொடுப்பது?

ஐரோப்பாவில் இந்த வழக்கு கோர்ட்டுக்கே போனது. ழான் மார்க் போஸ்மான் என்று பெல்ஜியம் நாட்டு ஃபுட்பால் ஆட்டக்காரர். 1990-ல் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்ஸில் டன்கர்க் கிளப் கூப்பிட்டது. ஒப்பந்தமே முடிந்த பிறகும் பழைய கிளப், பணம் வந்தால்தான் விடுவேன் என்றது. மனுஷன் வழக்குப் போட்டார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரன் சுதந்திரமானவன். பிறகு வந்த நட்சத்திரங்கள் கோடிகளில் குளித்தார்கள். போஸ்மான் கஷ்டத்தில்தான் கிடந்தார் என்பது தனிச் சோகம்.

அப்போது சின்ன கிளப்கள் கேட்டன: 'எங்க கதி?' 2001-ல் ஃபிஃபா ஒரு வழி கண்டுபிடித்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு ஆட்டக்காரனை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கைமாற்றினால், அந்தத் தொகையில் 5 சதவிகிதம், அவன் 12 வயதில் இருந்து 23 வயது வரை எங்கெல்லாம் ஆடினானோ அந்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 10 கோடிக்குக் கைமாறினால் 50 லட்சம். 12-ல் இருந்து 15 வரை நான்கு சீசன் பார்த்துக்கொண்ட கிளப்புக்கு, சீசனுக்குக் கால் சதவிகிதம் வீதம், 10 லட்சம்.

இதில் அழகு என்ன தெரியுமா? பாக்கியைக் கொடுப்பது ஆட்டக்காரன் இல்லை. அவனை வாங்குகிறவர். பலனை அனுபவிக்கிறவர் பாக்கியைத் தீர்க்கிறார். பையன் தலை நிமிர்ந்து போகிறான்.

நம் கல்லூரிகளில் பணம் கைமாற வேண்டாம், வேறு வம்பு வரும். ஆனால், பையனைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த ஃபிசிகல் டைரக்டருக்கு ஒரு போன் செய்யலாமே? கோப்பை வாங்கும் மேடையில் அவர் பெயரைச் சொல்லலாமே? வருஷத்துக்கு இரண்டு முறை தங்கள் அணியோடு அந்த ஊருக்குப் போய் ஒரு நட்பு ஆட்டம் ஆடி, இருபது பந்து கொடுத்துவிட்டு வரலாமே? பெரிய கல்லூரியின் பட்ஜெட்டில் இது காபி செலவு.

*

இன்னொரு பையனை மறந்துவிட்டோம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்.

அமெரிக்காவில் ஜூனியர் காலேஜ் என்று இரண்டு வருஷக் கல்லூரிகள் உண்டு. அங்கே தேறியவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போவது வழக்கமான சமாசாரம். (அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நீள்வட்டப் பந்தை.) ஆரோன் ராட்ஜர்ஸ் என்பவரைப் பள்ளி முடித்தபோது பெரிய இடம் எதுவும் சீண்டவில்லை. பியூட் காலேஜ் என்கிற ஜூனியர் காலேஜில் சேர்ந்து ஆடினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் அங்கே வேறு ஒரு பையனைப் பார்க்க வந்து, இவரைப் பார்த்து அசந்து, 2003-ல் அழைத்துக்கொண்டார். பிற்பாடு, 2011-ல் சூப்பர் பவுல் ஜெயித்தார் ராட்ஜர்ஸ்.

சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் 2003-ல் அவர் உள்ளே வந்தபோது, அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். சில ஆட்டங்களிலேயே பெஞ்சுக்குப் போனார். அவரைப் பற்றி யார் சினிமா எடுக்கப் போகிறார்கள்?

அவருக்கு அநியாயம் நடந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அணியில் இடம் என்பது பட்டா போட்ட நிலம் இல்லை. நன்றாக ஆடுகிறவன் வந்தால் நகரத்தான் வேண்டும். ஆனால், 'அடுத்த வருஷம் நீதான்டா' என்று நம்ப வைத்து, தினமும் ஓட விட்டு, கடைசி நேரத்தில் வெளியில் இருந்து ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது அநியாயம். வாக்குக் கொடுக்காமல் இருப்பது கடினம் இல்லை. கொடுத்த வாக்கை மறப்பதுதான் தப்பு.

அதே வாக்குக் கணக்கு, வந்த பையனுக்கும் உண்டு. சேர்க்கும்போது எல்லாம் ஃப்ரீ. சரி. முதல் வருஷமே முட்டி லிகமென்ட் கிழிந்துவிட்டால்? ஹாஸ்டல் சாப்பாடு தொடருமா? பரீட்சை எழுத வைப்பார்களா? கையில் டிகிரியோடு வெளியே அனுப்புவார்களா? ஒரு கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் கோட்டா நல்லதா, கெட்டதா என்பதை கண்ணாடி அலமாரியில் இருக்கிற கோப்பையை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆட முடியாமல் போன பையன்கள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

*

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் பதினோராவது அதிகாரம். உதவி வாங்கியவருக்காக எழுதியது. உதவி செய்தவருக்கு இருபத்திரண்டாவது அதிகாரம், ஒப்புரவறிதல். அதில் வள்ளுவர் முதலிலேயே மழையைக் காட்டிவிடுகிறார். மழைக்கு யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்?

நம் சிக்கலே, புத்தகத்தை மாற்றிப் படிப்பதுதான். கொடுத்தவர் பதினோராவது அதிகாரத்தை உரக்கப் படிக்கிறார்: 'உனக்கு எவ்வளவு செய்தேன்!' வாங்கியவர் இருபத்திரண்டைப் படிக்கிறார்: 'திருப்பியா கேட்பாங்க?' அவரவர் பக்கத்தை அவரவர் படித்தால் பாதிச் சண்டை இருக்காது.

இது மைதானத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. மூன்று வருஷம் தொழில் கற்றுக்கொடுத்த பையன் எதிர்க்கடைக்குப் போகிறேன் என்கிறபோது, முதலாளியின் கை தானாக ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மகன் வெளிநாடு போகிறேன் என்கிறபோது, 'உன்னை எப்படி வளர்த்தோம்' என்கிற பேச்சு தானாக வாயில் வருகிறது. அந்த நேரத்தில் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் கேட்பது பாக்கியா, பூட்டுச் சாவியா?

பாக்கி என்றால், அதனால் லாபம் அடையப்போகிறவரிடம் தைரியமாகக் கேளுங்கள். சாவி என்றால், பையன் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அவனுக்கும் அந்தச் சாவி வேண்டியிருக்கும்.