செம்மறிக் குட்டியும் சிறுவனின் மனச்சாட்சியும்

ஒரு பிராணியை மேலும் மேலும் அழகுபடுத்திக் காட்டுவது உழைப்பா, ஏமாற்றா? கேள்வி சிறியதாகவே தோன்றும். ஆனால் விடை தேடப் புகுந்தால் வாணிபம், உணவு, பிள்ளை வளர்ப்பு ஆகிய மூன்றின் வாசலையும் தட்ட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களில் ‘ஃபோர்-எச்’ என்றோர் இளைஞர் இயக்கம் உண்டு. 1902-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தில் தொடங்கப்பட்ட சிறுவர் சங்கத்திலிருந்து வளர்ந்தது அது. தலை, இதயம், கைகள், உடல்நலம் ஆகிய நான்கையும் நற்பணிக்கு ஒப்படைப்பதாக அதன் உறுப்பினர்கள் உறுதிமொழி கூறுகின்றனர். அவர்களுள் பலர் வசந்தத்தில் ஒரு செம்மறிக் குட்டியை வாங்கி, கோடை முழுதும் தம் கையாலேயே தீனியிட்டு வளர்த்து, வட்டாரக் கண்காட்சிக்குக் கொண்டு செல்கின்றனர். நடுவர் குட்டியின் முதுகெலும்பின் மீதும் விலாவின் மீதும் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறார். தசை திரண்டிருக்க வேண்டும். கொழுப்பு மெல்லிய போர்வையாக மட்டுமே இருக்க வேண்டும். பன்னிரண்டாம் விலாவின் மேல் கொழுப்பு கால் அங்குலத்தைத் தாண்டினால் இறைச்சியின் தரவரிசை ஒரு படி இறங்கிவிடும். பின்னர் ஏலம், அதன் பின்னர் பெரும்பாலான குட்டிகளுக்கு அறுப்புக் கூடம்.

ஆகவே கண்காட்சி நெருங்கும் வாரங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கவலைதான்: குட்டியின் கொழுப்பை எவ்வாறு குறைப்பது? இக்கவலைக்கு மருந்தாக விற்பனையாகிறது புரதச் செறிவுடைய துணைத் தீவனம்.

இதன் உண்மைத் தன்மையை அறிந்துகொள்வது நலம். வளரும் குட்டியின் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு வரை புரதம் இருப்பது வழக்கம். சோயாப் பிண்ணாக்கிலோ 44 விழுக்காட்டிற்கும் மேல் உண்டு. ஆனால் புரதம் கொழுப்பை எரிக்கும் நெருப்பன்று. ஒரு குட்டியின் தசை எவ்வளவு வளரும் என்பதற்கு அதன் இனமும் வயதும் எல்லை வகுத்துவிடுகின்றன. அவ்வெல்லைக்கு மேல் ஊட்டிய புரதத்தைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. உண்மையில் கொழுப்பைக் குறைப்பது எது? புரதத் தீவனத்திற்கு இடம் கொடுப்பதற்காகக் குறைக்கப்பட்ட மக்காச்சோளமும், நாள்தோறும் ஓடவிடும் பயிற்சியுமே ஆகும்.

இம்முறையில் பொய் உண்டா? இல்லை என்றே கூறுவேன். நடுவரின் கை தொடுவது மெய்யான தசையை. வாங்குபவருக்குக் கிடைப்பதும் அதுவே. ‘இயற்கைக்கு மாறானது’ என்று சொல்லி இதனைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் இயற்கையானவற்றைக் கொண்டே ஏமாற்றவும் இயலும். கறவைப் பிராணியின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்னும் தீர்ப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காணப்படுகிறது. எண்ணிப் பாருங்கள்: தேங்கிய பால் அப்பிராணியின் சொந்தப் பாலே அன்றோ? வெளியிலிருந்து ஒரு துளியும் சேர்க்கப்படவில்லை. எனினும் அது மோசடியாயிற்று. ஏனெனில் பருத்த மடியைக் காண்பவன் ‘நாள்தோறும் இவ்வளவு கறக்கும்’ என்று நம்புகிறான். அந்த நம்பிக்கை பொய். ஆக, சேர்க்கப்பட்ட பொருள் எது என்பதல்ல, காண்பவன் கொள்ளும் நம்பிக்கை மெய்யா என்பதே முதல் உரைகல்.

இவ்வுரைகல்லில் தேய்த்தால் தீவனம் தேறும், மருந்து தேறாது. 1994-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற கால்நடைகள் சிலவற்றின் உடலில் ‘கிளென்பியூட்டரால்’ என்னும் மருந்து கண்டறியப்பட்டது, பரிசுகள் பறிக்கப்பட்டன. கொழுப்பைக் குறைத்துத் தசையைப் பெருக்கும் அம்மருந்தை உணவுப் பிராணிகளுக்கு ஊட்டுவது அங்கே சட்டவிரோதம். 1990-இல் ஸ்பெயின் நாட்டில் அம்மருந்து தங்கிய மாட்டு ஈரலை உண்ட பலர் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கொண்டு நோயுற்றனர். பரிசுக் கோப்பைக்காக ஊட்டிய நஞ்சு பிறர் வீட்டு உணவுத் தட்டில் போய் விழுகிறது!

எனினும், ஏமாற்று இல்லையென்றால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்குதான் சிக்கல் பிறக்கிறது. கண்காட்சிக் குட்டிகளின் வாலை அடியோடு ஒட்ட நறுக்கிவிடும் வழக்கம் அந்நாட்டில் பரவியிருந்தது. பின்புறம் சதைப்பற்றாகத் தோன்ற வேண்டுமாம்! நடுவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், எவரும் ஏமாறவில்லை. ஆனால் ஒட்ட நறுக்கிய குட்டிகளுக்கு மலக்குடல் வெளித்தள்ளும் நோய் மிகுதியாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டின. கால்நடை மருத்துவர்கள் எச்சரித்தனர். மனிதர் அனைவரும் ஒப்புக்கொண்ட ஓர் அழகுக்காக வாயற்ற ஓர் உயிர் விலை கொடுத்தது. அதனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

எனவே இரண்டாம் உரைகல்லும் தேவை: இச்செயல் அந்த உயிருக்கு நலமா, நோவா? புரதத் தீவனமும் இங்கே முழுதாகத் தப்பிவிடாது. அளவறிந்து ஊட்டினால் நலமே. ஆனால் தானியமும் பிண்ணாக்கும் மிகுந்து, பாஸ்பரஸுக்கு ஈடான சுண்ணாம்புச் சத்து இல்லாது போனால், காயடித்த குட்டிகளுக்குச் சிறுநீர்க் குழாயில் கல்லடைப்பு நேரும். எடை கூடிவிடும் என்று அஞ்சி உலர்புல்லையும் மறுத்துப் பட்டினி போட்டால், அக்குட்டியின் மெலிவு வளர்ப்பவரின் திறமைக்குச் சான்றாகாது. அதன் பசிக்கே சான்றாகும்.

இனி மூன்றாவதொரு கேள்வி. என் நெஞ்சைப் பெரிதும் உறுத்துவது இதுவே. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தீவன வாளியுடன் விடியற்காலையில் தொழுவத்திற்குச் செல்கிறான். பசியறிந்து ஊட்டவும், நோயறிந்து கவனிக்கவும், தோல்வியைத் தாங்கவும் கற்கிறான். கோடை முடிவில் தன் கையில் உண்டு வளர்ந்த உயிரைப் பிரியும்போது கண்ணீர் வடிக்கிறான். இவை எத்துணை அரிய பாடங்கள்! அதே தொழுவத்தில் தந்தை ஒரு புட்டியை மறைத்து வைத்து, ‘யாரிடமும் சொல்லாதே’ என்று காதோடு கூறினால், அந்த ஒரு சொல் கோடை முழுதும் கற்ற பாடத்தை அழித்துவிடாதா? பரிசு கிடைத்தாலும், அதைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளைக்கு உண்மை தெரியும்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் செம்மறிக் குட்டியை வளர்க்காமலிருக்கலாம். ஆனால் மதிப்பெண், பேச்சுப் போட்டி, கடையின் தராசு என்று அவர்களுக்கும் கண்காட்சிகள் உண்டு. அங்கெல்லாம் அவர்களுக்குத் துணை செய்வது நம் கடமை. துணை செய்யுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இதனை நடுவரின் முன்னிலையில் உரக்கச் சொல்ல நம் பிள்ளையால் முடியுமா? முடியுமானால் அது ஊட்டம். முடியாதெனில், அதன் பெயர் எதுவாயினும், அதை அவன் கையில் கொடுக்க வேண்டாம்.