தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அமானிதமே!



உங்களில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பொறியாளர்கள், வணிகர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலுக்கென்று சங்கம் இருக்கும். அடுத்த நிர்வாகிகளாக வரத் தகுதியானவர்கள் யார் என்று ஆராய்ந்து சொல்ல, சில சங்கங்களில் ஒரு தேர்வுக் குழு அமைப்பார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. தேர்வாகாதவர்களின் மனவருத்தம்தான் மிஞ்சும். அதனால் அழைப்பு வந்தால், "நமக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் விட்ட இடத்தில் யார் வந்து உட்காருவார்? பதவிக்கு ஆள் திரட்டுபவர்தான்!

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). பதவியும் அமானிதமே. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்பவருக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

ஹிஜ்ரி 23. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருக்கிறார்கள். அடுத்த கலீஃபாவை முடிவு செய்யும் பொறுப்பை உஸ்மான், அலி, தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய ஆறு பேரிடம் விட்டார்கள். தம் மகன் அப்துல்லாஹ் உடன் இருக்கலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குழுவில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் செய்ததைப் பாருங்கள். முதலில், "எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்று தாமே விலகிக்கொண்டார்கள். அதன் பிறகே தேர்வுப் பொறுப்பை ஏற்றார்கள். இரவுகளில் சரியாக உறங்காமல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலில், எல்லோர் முன்னிலையிலும் முடிவை அறிவித்து உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தார்கள்.

சகோதரர்களே! "ஆள் நல்லவர்" என்பது மட்டும் போதாது. அபூதர் (ரலி) அவர்களின் இறையச்சத்தில் யாருக்குச் சந்தேகம்? ஆனாலும் அவர்கள் பொறுப்பு கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கொடுக்கவில்லை. அவர் பலவீனமானவர் என்றும், அது அமானிதம் என்றும் விளக்கினார்கள் (முஸ்லிம்).

ஆகவே அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பதவி ஆசை இருந்தால் குழுவில் சேராதீர்கள். "நம்ம ஊர்க்காரர், நம்ம ஆள்" என்று பார்க்காதீர்கள். தகுதியானவர் மாற்று மதத்தவராக இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லுங்கள், அதுவே நீதி. குழுவில் பேசியதை டீக்கடையில் பேசாதீர்கள். ஒருவரின் மானம் அதில் இருக்கிறது.

அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.