யார் கழுவிய நரம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கொல்லைப்புறக் குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து போட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குடலைக் கழுவ எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுத்துவிட்டு, துடைப்பக்குச்சி ஒன்றைச் செருகி, ரவிக்கையின் கையைத் திருப்புவதுபோல் குடலை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். பிறகு வெந்நீர், சுண்ணாம்பு, மஞ்சள், மறுபடி தண்ணீர். எத்தனை முறை என்று கணக்கில்லை. முகர்ந்து பார்த்து அம்மா போதும் என்றால்தான் போதும்.

நான் வாசற்படியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு வயலின் சொனாட்டா ஓடியது. எழுதியவர் இசபெல்லா லியோனார்தா, இத்தாலியில் நொவாரா நகரத்துக் கன்னியர் மடத்தில் வாழ்ந்த துறவி.

“இன்னாடி இது, தொண்டை கட்டிக்கினவ பாடற மாதிரி கீது?”

“பிடில்மா. பழைய காலத்துப் பிடில். இதுல இரும்புக் கம்பி இல்ல, ஆட்டுக்குடல முறுக்கிச் செஞ்ச நரம்பு.”

அம்மாவின் கை நின்றது. “குடல்லயா?” என்று கையில் இருந்ததைப் பார்த்தாள். “அப்ப அதையும் எவளோ கழுவியிருப்பா.”

இசையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை. சில மாதங்களாக அது என்னை விடவில்லை.

இத்தகைய ஒலிப்பதிவுகளில் ‘அக்காலக் கருவிகளில் வாசித்தது’ என்று ஒரு குறிப்பு இருக்கும். இன்று நாம் கச்சேரியில் பார்க்கும் வயலினும் 17ஆம் நூற்றாண்டு வயலினும் அக்கா தங்கை மாதிரி. பழையதில் கழுத்து அவ்வளவு பின்னால் சாய்ந்திருக்காது, விரல் வைக்கும் பலகை குட்டை, மோவாய் வைக்கக் கட்டை கிடையாது, வில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் நரம்பு. எஃகுக் கம்பி 20ஆம் நூற்றாண்டில்தான் வயலினைப் பிடித்தது. அதுவரை செம்மறியாட்டின் குடல். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி, காரநீரில் அலசி, ஈரம் காய்வதற்குள் இழைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்துத் தேய்ப்பார்கள். வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருதி மாறும். கம்பியின் பளபளப்பு அதில் இல்லை, ஒரு சொரசொரப்பு உண்டு. வில் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெய்யெழுத்து முளைப்பதுபோல எனக்குக் கேட்கும். அம்மா சொன்ன தொண்டைக்கட்டு அதுதான்.

இந்த இசைக்காரர்கள் சொல்வது ஒரு வகையில் அறம் சார்ந்த வாதம். ஒருவர் எழுதியதை அவர் கேட்ட ஓசையில் கேட்பதே அவருக்குச் செய்யும் நேர்மை என்கிறார்கள். எனக்கு இதில் பாதி உடன்பாடு. பழந்தமிழ் படித்தவள் நான். ஒரு சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றிப் படிக்காதே என்று ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஆனால் நேர்மை எதற்கு என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1953இல் வியன்னாவில் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட்டும் அவர் மனைவி ஆலிஸும் சேர்ந்து ‘கான்சென்டஸ் மியூசிகஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். பழங்கருவி இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன குழுக்களில் அது முக்கியமானது. உறைகளில் பெரிய எழுத்தில் கணவர் பெயர்தான் வரும். முதல் வயலின் நாற்காலியிலிருந்து 1985வரை குழுவை நடத்தியவர் ஆலிஸ். 17ஆம் நூற்றாண்டு அரசவைக் குழுவில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்காருவது வழக்கமில்லை. பழமைக்கு முழுக்க நேர்மையாக இருந்திருந்தால் ஆலிஸ் எழுந்து போயிருக்க வேண்டும். அவர் போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பழங்கருவிக்காரர்கள் நரம்பைப் பழையதாக வைத்துக்கொண்டு, வாசிக்கும் கையைப் புதியதாக வைத்துக்கொண்டார்கள். அதே வியன்னாவின் பிரபலமான பில்ஹார்மோனிக் குழுவில் கம்பி புதியது, பழக்கம் பழையது. அங்கே பெண்ணுக்கு முழு உறுப்பினர் இடம் 1997இல்தான் கிடைத்தது.

சுருதியும் இப்படித்தான். இந்தப் பதிவுகள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் 415 என்ற அலைவெண் ஏதோ ஓலையில் கிடைத்ததில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. இன்றைய 440க்குச் சரியாக அரைச்சுரம் கீழே வருவதால், வசதிக்காக நம் காலத்தவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதை மீட்பது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். நம் ஊரில் ‘மரபு அப்படி’ என்று சொல்லும்போது அந்த முடிவெடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்தச் சீமைக் கருவியைக் கச்சேரி மேடை தரையில் உட்காரவைத்துத் தனதாக்கிக்கொண்டது. அதே மேடையில் பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டேன் என்ற மிருதங்க வித்வான்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இருந்தார்கள். கேட்டால் மரபு.

லியோனார்தாவுக்கு வருகிறேன். 1620இல் பிறந்தவர், 16 வயதில் மடத்துக்குள் போனார், 1704இல் இறந்தார். 1693இல், 70 வயது தாண்டிய பிறகு, 12 சொனாட்டாக்களை அச்சிட்டார். ஒரு பெண்ணின் பெயரில் வெளிவந்த கருவியிசைச் சொனாட்டாத் தொகுப்புகளில் நமக்குத் தெரிந்த முதலாவது அது. கடைசிச் சொனாட்டா மட்டும் ஒற்றை வயலினுக்கு. அம்மா கேட்டது அதைத்தான். மடங்களில் கருவி வாசிக்கக் கூடாது, வெளியாசிரியர் நுழையக் கூடாது என்று இத்தாலிய ஆயர்கள் பல ஊர்களில் ஆணை போட்டுக்கொண்டிருந்த காலம். தம் நூல்களை அவர் மரியன்னைக்கும் உயிரோடிருக்கும் ஒரு பெரிய மனிதருக்குமாக இரட்டைக் காணிக்கை ஆக்குவது வழக்கம். மேலே ஒரு பாதுகாப்பு, கீழே ஒரு பாதுகாப்பு. முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை எழுதிய எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

வெனிஸில் பியெத்தா என்ற அநாதை இல்லத்தில் விவால்டி 1703 முதல் வயலின் சொல்லிக்கொடுத்தார். நம் சேலத்தில் 1992இல் வைத்த அரசுத் தொட்டில்போல, அங்கே சுவரில் குழந்தையை விட்டுச்செல்ல ஒரு பொந்து. அப்படி வந்த பெண் குழந்தைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கருவியே பெயர். ‘வயலின் அன்னா மரியா’ என்பார்கள், நாம் வீணை தனம்மாள் என்பதுபோல. கம்பி அழிக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். கல்யாணமாகி வெளியே போகிறவள், இனிப் பொதுவில் வாசிப்பதில்லை என்று உறுதி தர வேண்டும். நான் கேட்கும் பதிவில் அழி இல்லை. அந்த வகையில் பழமைக்கு அது துரோகம்தான். நல்ல துரோகம்.

இதுவரை சொன்னது எனக்கு எளிது. வாசிக்கும் பெண்ணைப் பற்றிப் பேச எனக்குப் பயிற்சி இருக்கிறது. அம்மா கேட்டது கழுவும் பெண்ணைப் பற்றி. 17ஆம் நூற்றாண்டு ரோமில் நரம்பு செய்வோருக்குத் தனிச் சங்கமே இருந்தது, பட்டறை வைத்திருந்த ஆண்களின் சங்கம். வயலின் செய்தவர் பெயர் கருவிக்குள் ஒட்டியிருக்கும். நரம்பு அறுந்தால் குப்பை. கழுவிய கையின் பெயரை ஒட்ட அதில் இடமில்லை.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருநராற்றுப்படை நடத்தும்போது யாழின் வருணனை வரும். மானின் குளம்படித் தடம்போல நடுவில் பிளந்த பத்தர். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலுக்கு ஓர் உவமை. பிறர் அறியாத இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர் ஒழுங்குபோல இருந்ததாம். இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். பெண்ணுடலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த கண் யாருடையது என்று கேட்பேன். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். “மேடம், மயிர் அப்படியே இருக்கணும்னா சுண்ணாம்புல போட்டிருக்க மாட்டாங்க இல்ல? அந்தத் தோல யார் பதம் பண்ணியிருப்பாங்க?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. அவள் கேட்டது தொழில் தெரிந்தவளின் கேள்வி. 22 வருடம் டேனரியில் தோலுக்கு உப்பு உதறியவளின் மகள் நான், அந்தக் கேள்வியின் வாசனைகூட எனக்குத் தெரியும். “அது பாட்டுல இல்லம்மா, அடுத்த அடிக்குப் போகலாம்” என்றேன். உடன் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு என் தெரு தெரியும் என்று அந்த நொடியில் மனம் எண்ணிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைத் திங்கட்கிழமைச் சாப்பாட்டு டப்பாவில் ஒருநாளும் கொண்டுபோகாதவள் நான்.

பாட்டில் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. புறநானூற்று 82ஆம் பாட்டில் அவன் வருகிறான். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை பிடித்துக்கொண்டது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் ஒருவன் கட்டிலுக்கு வார் இழுத்துத் தைக்கிறான். அவன் ஊசியின் வேகம் மன்னனின் போர் வேகத்துக்கு உவமை. பாட்டு அவனுக்குக் கொடுத்த பெயர் இழிசினன். ஒரு பாட்டில் தோலின் அழகுக்குச் சூல்கொண்ட பெண்ணின் வயிறு கிடைக்கிறது. இன்னொன்றில் தோல் தைப்பவனின் பெண்டாட்டி வலியில் கிடக்கிறாள், அந்த வலி ஒரு போருக்கு அணியாகப் போய்விடுகிறது. அவளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. நானும் பல வருடம் கேட்கவில்லை.

மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகள் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘யாழ் நூ’லில் மறைந்த யாழ்களை நரம்பு நரம்பாகக் கணக்கிட்டு மீட்க முயன்றார். பெரும் உழைப்பு. நான் வணங்கும் நூல். யாழைச் செய்து பார்ப்பதும் வாசித்துப் பதிவு செய்வதும் இப்போது மறுபடி நடக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் மீட்கும்போது எதுவரை மீட்பது? 2020இல் மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலை வெளியிடக் கலாக்ஷேத்ரா அரங்கு தருவதாகச் சொல்லிப் பிறகு மறுத்தது, விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத்தோலின் ஓசை மேடையேறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக் கூடாது.

பழையதெல்லாம் தூய்மை என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கையில்லை. ராணிப்பேட்டையில் இருப்பவளுக்கு அந்தப் பேச்சு ஆசையாகத்தான் இருக்கும். முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது. இங்கே குரோமேட் தயாரித்துவந்த ஆலை 1990களில் மூடப்பட்டு, சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவை விட்டுப்போனது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் எங்கள் ஊர் பெயர் வந்தது. பாலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆவாரம்பட்டைக் காலத்தை நினைத்து ஒரு நாள் அம்மாவிடம் ஏங்கிப் பேசினேன், கம்பியைவிட நரம்பு மேல் என்று பேசும் அதே குரலில்.

“பட்டைக் குழியில எறங்கி மிதிச்சது எங்கப்பன்டி” என்றாள் அம்மா. “கால் வெடிச்சி ரத்தம் வரும். ஆறு நல்லாத்தான் இருந்துச்சி. அந்த ஆத்துல எங்கள எந்தப் பக்கம் எறங்க உட்டாங்க, அதக் கேளு.”

சொனாட்டாவை நான் நிறுத்திவிடவில்லை. நரம்பின் அந்தச் சொரசொரப்பு இப்போது இன்னும் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயடியிலிருந்து அது வெகுதூரம் இல்லை என்று தெரிந்ததால் இருக்கலாம். கேட்கும் சுகத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்ற கணக்கு மட்டும் முடியவில்லை. பெயரில்லாதவளுக்குக் கடனை எப்படித் திருப்புவது?

அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கு உன் கேள்விக்குப் பயந்து பதில் சொல்லாமல் விட்டேன் என்றேன். “தெரியும் மேடம்” என்றாள். அதற்குமேல் இருவருக்கும் பேச வரவில்லை.

இந்தப் பருவத் தேர்வுக்கு நான் அனுப்பிய வினாக்களில் ஒன்று: ‘பொருநராற்றுப்படை வருணிக்கும் யாழின் தோலைப் பதப்படுத்தியவர் யாராக இருக்கலாம்? புறநானூறு 82உடன் சேர்த்து விவாதிக்க.’ பத்து மதிப்பெண். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வந்தது. அடுத்த பருவத்துக்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.