குதியும் நீதியும்

ஒரு பொருளை அழகியது என்று போற்றும்போது, அவ்வழகுக்கு விலை கொடுப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பெண்கள் அணியும் குதியுயர்ந்த சப்பாத்தை முன்வைத்து இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

வெறுந்தரையில் நிற்கையில் உடற்பாரத்தின் பெரும்பகுதியைக் குதிக்காலே தாங்குகின்றது. குதி உயர்ந்தால் அப்பாரம் முன்பாதத்திற் சரிகின்றது. அங்கே சப்பாத்தின் ஒடுங்கிய முனை விரல்களை நெரிக்கின்றது. நாளடைவில் பெருவிரல் சாய்ந்து அதன் மூட்டுப் புடைத்தலும், கெண்டைத்தசை குறுகுதலும் உண்டு. உட்கார முடியாத நாற்காலியைச் செய்த தச்சனை நாம் பழிக்கிறோம். நடக்க முடியாத சப்பாத்தைச் செய்தவனையோ கலைஞன் என்கிறோம்!

'இது பெண்மைக்கே உரிய அணி' என்பார்க்கு வரலாறு மறுமொழி தருகின்றது. அங்கவடியிற் காலூன்றி அம்பெய்த பாரசீகக் குதிரைவீரரின் உயர்குதியை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் மேற்கொண்டனர். 1701இல் ரிகோ தீட்டிய ஓவியத்தில் 14ஆம் லூயி மன்னன் செந்நிறக் குதியுடன் நிற்கிறான். கால்நோக உழைக்கத் தேவையற்றவனின் சின்னம் அது. பின்னர் ஆண் அதனைக் கழற்றிவிட்டான். பெண்ணின் காலில் அது தங்கிவிட்டது. 1950களில் உள்ளே உருக்குத்தண்டு புகுத்தப்பட்டபின் குதி ஊசிபோல் மெலிந்தது. உழையாதவனின் சின்னம், நாள் முழுதும் நின்று உழைப்பவளின் சீருடையாயிற்று.

2015 டிசம்பரில், இலண்டன் நிறுவனமொன்றில் வரவேற்பாளராகச் சென்ற நிக்கோலா தோர்ப், தட்டையான சப்பாத்து அணிந்திருந்தமையால் ஊதியமின்றித் திருப்பியனுப்பப்பட்டார். அவரது மனுவில் 1,50,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். உள்ள சட்டமே போதும் என்று 2017இல் அரசு கூறிவிட்டது. யப்பானிய மொழியில் சப்பாத்தையும் வலியையும் குறிக்கும் சொற்கள் ஏறக்குறைய ஒரே ஒலியுடையவை. அவ்வொலியொப்புமையையே முழக்கமாக்கி 2019இல் யுமி இஷிகாவா இயக்கம் தொடங்கினார். தொழிலுக்குத் தேவையான அளவில், சமூகம் ஏற்குமாயின் தவறில்லை என்ற பொருள்பட அந்நாட்டுத் தொழில் அமைச்சர் விடையிறுத்தார். சமூகம் ஏற்றது எதுவும் நியாயமாகிவிடும் எனின், உலகில் எந்தக் கொடுமைதான் ஒழிந்திருக்கும்?

'விரும்பித்தானே அணிகிறாள்?' என்பர் சிலர். விரும்பி அணிபவளுடன் நமக்கு வழக்கில்லை. விழாவொன்றுக்கு உயர்ந்த குதியுடன் செல்லும் பெண்ணின் மகிழ்ச்சி அவளுடையது. அதனை ஏளனஞ்செய்ய எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், மறுக்கும் உரிமை உள்ளவிடத்தே விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளுண்டு. மறுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் தரப்படும் இசைவை விருப்பமென்பது, பசித்தவனின் பட்டினியை நோன்பு என்பதற்கு ஒப்பாகும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன்சும் 2017இல் இக்கட்டாயத்தைத் தடைசெய்தன. இவை சிறு சட்டங்களே. எனினும், உழைப்பை விற்பவள் தன் உடலின் வலியையும் சேர்த்து விற்கவில்லை என்ற பெரிய உண்மையை அவை ஒப்புக்கொள்கின்றன. அவ்வுண்மையை ஏற்காத அழகு எதுவாயினும், அதனை அழகென்று அழைக்க நாம் தயங்கவே வேண்டும்.