ஒருவர் தாவினால் குற்றம், பத்துப்பேர் தாவினால்?

நேர்மை என்பது மனிதன் உள்ளத்தில் ஊற்றெடுப்பதா, அன்றி அவன் நிற்கும் இடத்து விதிகளால் வார்க்கப்படுவதா? அறம் உரைப்போர் முன்னதையே பேசுவர். நாம் சட்டமன்றத்தின் வாயிலில் நின்று கேட்கிறோம். விடை வேறாகக் கிடைக்கிறது.

1967இல் அரியானாவில் கயா லால் எனும் சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாள்களில் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’, வந்தார் ராம், போனார் ராம் என்று நாடு நகைத்தது. (இராமன் பெயர் இதற்கா பயன்பட வேண்டும் என்று பக்தர்கள் பதைத்ததாகத் தெரியவில்லை!) 1985இல் வந்தது 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதன் வழியே பத்தாவது அட்டவணை. கட்சியைத் துறந்தால் பதவி போகும். கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காது ஒதுங்கினாலும், கட்சி 15 நாளில் பொறுத்தருளாவிடில், பதவி போகும்.

தாவல் நின்றதா? இல்லை, தோழர்களே! தாவும் முறை மாறியது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது தாவல் அல்ல, ‘பிளவு’ என்றது அதே சட்டம். சில்லறை வாணிபம் மொத்த வாணிபமாயிற்று. 2003இல் 91ஆவது திருத்தம் பிளவு எனும் வாயிலை அடைத்தது. மூன்றில் இரு பங்கினர் சேர்ந்தால் ‘இணைப்பு’ எனும் வாயில் திறந்தே கிடந்தது. 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரசு உறுப்பினர் 15 பேரில் 10 பேர் பாரதிய ஜனதாவில் இணைந்தனர். 9 அல்ல, 10! மனச்சாட்சி இத்துணைத் துல்லியமாகக் கணக்குப் போடுமா?

அதே மாதம் கருநாடகத்தில் மற்றொரு உத்தி. மூன்றில் இரு பங்கு திரளாத இடத்தில், ஆளும் கூட்டணியின் உறுப்பினர் பலர் பதவி விலகல் கடிதம் நீட்டினர். விலகினால் அவையின் எண்ணிக்கை குறையும். பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணும் குறையும். 99க்கு 105 என ஆட்சி வீழ்ந்தது. அவைத் தலைவர் 17 பேரைத் தகுதி நீக்கினார். அந்தப் பேரவைக் காலம் முடியும்வரை அவர்கள் போட்டியிடலாகாது என்ற அவர் தடையை நவம்பரில் உச்சநீதிமன்றம் நீக்கியது. டிசம்பர் இடைத்தேர்தலில் 15 இடங்களில் 12ஐப் பாரதிய ஜனதா வென்றது. தகுதி இழந்தோரில் பலர் புதுக்கட்சியின் உறுப்பினராய் மீண்டும் அவை புகுந்தனர்.

இவர்களைத் திட்டித் தீர்ப்பது எளிது. நாம் பார்க்க விரும்புவது வேறொருவரை. தம் தொகுதி உழவரின் நிலத்தைப் பறிக்கும் மசோதா ஒன்றைத் தம் கட்சியே கொணர்கிறது என்று வைத்துக் கொள்வோம். அவர் விலைபோகவில்லை, வேறு கட்சிக்குச் செல்லவுமில்லை. எதிர்த்துக் கை தூக்குகிறார், அவ்வளவே. பதவி போகும்! தனியே நின்று உண்மை பேசியவருக்குத் தண்டனை, பதின்மராய்ப் பேரம் பேசியவருக்குப் பாதுகாப்பு! அறிவுள்ளவர் என்ன செய்வார்? வாய் மூடுவார், அல்லது ஒன்பது துணைவரைத் தேடுவார். முடிவு முன்னரே எண்ணப்பட்டுவிட்ட அவையில் வாதம் எதற்கு, எவரை இணங்க வைக்க?

கொறடா இல்லாவிடில் பணமூட்டை ஆளும் என்பர் சிலர். அச்சம் பொய்யன்று, ஒரு வாக்கில் ஆட்சி கவிழும் நாளில் அவ்வொரு வாக்கின் விலையை நாடறியும். ஆனால் ஆட்சியின் உயிர் ஊசலாடும் வாக்கெடுப்பு வேறு, மீன்பிடி மசோதாவுக்கான வாக்கெடுப்பு வேறு. தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்துக என்று 1990இலேயே தினேசு கோசுவாமி குழு கூறியது. 1999இல் சட்ட ஆணையம், ஆட்சிக்கு ஆபத்து நேரும் வேளையில் மட்டுமே கொறடா ஆணை இருக்கட்டும் என்றது. பிளவு, இணைப்பு எனும் இரு வாயில்களையும் அடைக்கவும் சொன்னது.

2003இல் ஒரு வாயிலை மட்டும் அடைத்தார்கள். கொறடாவின் கையைக் கட்டவேயில்லை. திருத்தத்திற்கு வாக்களித்தவர்களும் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.