பிள்ளையார் பார்த்த கலியாணம்

அம்மம்மாவுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடக்கவில்லை. வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தாலி ஏறியது, அவ்வளவுதான். அம்மப்பா செத்தபிறகு காணிக் காரியத்துக்குப் போன இடத்தில் கலியாணப் பத்திரம் கேட்டார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கழற்றி வைத்திருந்த தாலியைக் காட்டினா.

பதியாவிட்டாலும், ஊரறியக் கணவன் மனைவியாய் வாழ்ந்தவர்களை, மறுத்து நிரூபிக்கும்வரை, தம்பதியென்றே நீதிமன்றம் அனுமானிக்கும். சம்மாந்துறைக் கூட்டாளி சொன்னார்: "எங்கட 1951 முஸ்லிம் விவாகச் சட்டத்திலயும், பதியாததால மட்டும் நிக்காஹ் செல்லாமப் போகாது."

அவருக்குக் கலியாணம் என்பது வலி எனும் பெண்ணின் பொறுப்பாளரும் சாட்சிகளும் மணமகன் கொடுக்கும் மஹரும் உள்ள ஒப்பந்தம். அம்மம்மாவுக்குப் பிள்ளையார் பார்த்திருந்த காரியம். தெய்வம் கண்டதைச் சட்டம் ஏன் அனுமானிக்க வேணும்? நாற்பது வருடம் சோறு போட்டவளையா?

இவ்வளவும் பேசுகிற நான் மகளுக்கு முதலில் எழுத்தைத்தான் வைத்தேன். அம்மம்மா இருந்திருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பா.