உப்பும் உண்மையும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவிற்கு வரும். பிரியாணி நாவிற்கு வரும். சீரகச் சம்பாவின் மணம் தேடி வெளியூரார் வந்திறங்கும் நகரம் அது. சோற்றுக்குப் பெயர்பெற்ற ஊரார் சோற்றைப் பற்றிச் சிறிது சிந்திப்பதும் பொருத்தந்தானே!

தமிழகத்து உணவு விடுதிகள் பலவற்றில் இன்று ஒரு பலகையைக் காண்கிறோம்: "இங்கு அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை." உண்பவன் மகிழ்கிறான், பலகையை மாட்டியவன் அவனினும் மகிழ்கிறான்! பலகை கூறுவது மெய்யா என்பது ஒரு கேள்வி. அது பயன்படுத்திக்கொள்ளும் அச்சம் மெய்யா என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் பிரித்தறியாமல் தீர்ப்புக் கூறுவது அறிவுடைமை ஆகாது.

பொருள் யாது? 1908-இல் ஜப்பானிய வேதியியல் பேராசிரியர் கிகுனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டாமிக் அமிலம் எனக் கண்டார். அச்சுவைக்கு "உமாமி" எனப் பெயரிட்டார். மறு ஆண்டே அவ்வமிலத்தின் சோடிய உப்பு, அஜினோமோட்டோ என்ற வணிகப் பெயருடன் கடைக்கு வந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்து குவியும் தக்காளியிலும் அவ்வமிலம் உண்டு. தாய்ப்பாலிலும் உண்டு. தக்காளி தந்ததா, பொடி தந்ததா என்று உடல் வேறுபாடு பாராட்டுவதில்லை.

அச்சம் எங்கிருந்து வந்தது? 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றுக்கு ஒரு மருத்துவர் மடல் எழுதினார். சீன உணவகங்களில் உண்டபின் கழுத்து மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். காரணம் இதுவோ அதுவோ என ஐயுற்றார். ஐயம் ஆய்வாகுமுன்னரே "சீன உணவக நோய்" எனப் பெயர் சூட்டிவிட்டனர்! ஓர் இனத்தின் அடுக்களைமீதே பழி விழுந்தது. பின்னர், கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் எது பொடி, எது போலி எனத் தெரியாவண்ணம் நடத்திய சோதனைகளில் அப்பழி உறுதிப்படவில்லை. பெருமளவு உட்கொண்ட சிலருக்குச் சிறுபொழுது தொல்லை தோன்றிற்று. மறுமுறை சோதித்தபோது அது நிலைக்கவில்லை. எனினும், 2017-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. ஆகவே, நஞ்சென்று அலறுவதும் பிழை. அள்ளிக் கொட்டுவதும் பிழை.

இனி, பிறப்பிடம். தொடக்கத்தில் கோதுமைப் புரதத்திலிருந்து எடுத்தனர். இன்றோ, கரும்பாலைக் கழிவுப்பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நுண்ணுயிர் கொண்டு நொதிக்கச் செய்து எடுக்கின்றனர். 2001-இல் இந்தோனேசியாவில் பெரும்புயல் எழுந்தது. அந்நுண்ணுயிரை வளர்க்கும் ஊட்டப்பொருளை ஆக்குவதில், பன்றியிடமிருந்து பெற்ற நொதி பயன்பட்டது எனத் தெரியவந்தது. பொடியில் பன்றியின் கூறு இல்லை என்றனர் ஒரு சாரார். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துர்ரகுமான் வாகித் அது உண்ணத்தக்கதே என்றார். உலமாக்கள் அவையோ ஆகாது என்றது. நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற்றது.

"விலக்கு என்பதே வீண், இதற்கு ஏன் இத்துணை ஆரவாரம்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், மற்றவன் விலக்கை நாம் ஏற்பதா மறுப்பதா என்பதன்று அங்கு எழுந்த வழக்கு. அவன் அறியாமல் அவன் வாயில் ஒன்றை வைக்க நமக்கு உரிமை உண்டா என்பதே வழக்கு! ஒருவன் மதத்தால் விலக்குவான். ஒருவன் குருதி அழுத்தம் கருதிச் சோடியம் குறைப்பான். ஒருவன் வெறுமனே பிடிக்கவில்லை என்பான். காரணங்கள் பல, கேள்வி ஒன்றே: "என்ன சேர்த்தீர்கள்?" கேட்பவன் காரணத்தை எடைபோட்டு விடையளிப்பது ஆதிக்கம்; கேட்டவுடன் மெய் கூறுவது அறம்.

"மெய் சொன்னால் மக்கள் அஞ்சி ஓடுவர், நேர்மையானவன் கடை மூடும்" என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அச்சம் வளர்வது மறைப்பில்தான். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தவன், ஒளித்ததனாலேயே அது நஞ்சென்று முடிவு கட்டுகிறான். பொதியின்மேல் அச்சிட வேண்டுமெனச் சட்டம் உள்ளது. இலையின்மேல் அச்சு ஏது? ஆய்வுக்கூடமும் குளூட்டமேட்டின் அளவைச் சொல்லுமேயன்றி, அது தக்காளி தந்ததா, சமையற்காரன் தூவியதா என்று பிரித்துச் சொல்லாது. சட்டம் கைவிரிக்கும் அந்த இடத்தில் சமைப்பவன் சொல் ஒன்றே சான்று.

நூற்பாலைத் தொழிலாளி நாளெல்லாம் உழைத்து வந்து இலைமுன் அமர்கிறான். பழகிய சரக்கின் குறையை மூடப் பொடி தூவுவது, அவன் நாவை ஏய்த்து அவன் காசைக் கவர்வது. நல்ல சரக்கில் அளவாய்ச் சேர்த்து, "சேர்த்துள்ளேன்" என்று சொல்வது வணிகம். பொடி இரண்டிலும் ஒன்றே. மனிதர் வேறு! ஆகவே, "சேர்ப்பதில்லை" என்று அச்சத்தை விற்கும் பலகையைக் காட்டிலும், "சேர்ப்பது இன்னது" என்று உண்மையை உரைக்கும் பலகையே நம் விடுதிகளுக்குத் தேவை.